நான் வேண்டாமென்ற டெப்

மச்சான்,

இன்று காலை உன் டெப், அந்தச் சின்னக் கைக்கணினி, சார்ஜ் ஏறாமல் நின்றுவிட்டது. ஊசியால் சார்ஜ் ஓட்டையைக் கிண்டினேன். காய்ந்த வயல் சேறு உதிர்ந்து மேசையில் கொட்டியது. மண் வாடை இன்னும் போகவில்லை. கல்முனை பஸாரில் போன் திருத்துகிற எனக்கு உப்புக்காற்றில் துருப்பிடித்த ஓட்டைகள்தான் பழக்கம். சேற்றோடு சாமான் கொண்டு வந்தவன் நீ ஒருத்தன்தான்.

அந்த நேரம் பார்த்து கம்பஸில் படிக்கிற பிள்ளை ஒன்று கடைக்கு வந்தது. லினக்ஸ் போட்ட, எந்தக் கம்பெனியும் பூட்ட ஏலாத திறந்த மூல டெப் ஒன்றைத் தன் போனில் காட்டி, வாங்கலாமா என்று கேட்டது. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வரச் சொல்லி அனுப்பினேன். இதே கேள்வியை நீ கேட்ட அன்று நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

உனக்கு அது எதற்கென்று எனக்குத் தெரியாமலா? நிந்தவூருக்கு மேற்கே உன் வயல் கண்டத்துக்கு நீ வட்டவிதானை. வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பங்கிடத் தெரிந்தெடுத்த ஆள். வாய்க்கால் தலைப்பில் காணி உள்ளவர்கள் தங்கள் முறை முடிந்தும் மதகுக் கதவை அடைக்கமாட்டார்கள். கடைசி வயல்களுக்குத் தண்ணீர் போய்ச் சேராது. தலைப்புக்காரர்களில் நானும் ஒருவன். உம்மா வழியில் வந்த இரண்டு ஏக்கர், குத்தகைக்கு வேறொருவர் செய்கிறார். எந்தக் கதவு எப்போது திறந்தது, எப்போது அடைத்தது என்று, என் கடையில் வாங்கிய பழைய டெப்பில் ஓர் ஆப்பில் மூன்று போகம் பதிந்தாய். ஒருநாள் அந்த ஆப் உன்னை உள்ளே விட மறுத்தது. நீ எப்போதோ கைவிட்ட நம்பருக்கு இரகசிய எண் அனுப்பியிருக்கிறதாம். கம்பெனிக்கு எழுதிக் கேட்டோம், பதிலே இல்லை. சிறுபோக ஆரம்பக் கூட்டத்தில் நீ வெறுங்கையோடு எழும்பி நின்றாய். தலைப்புக்காரர்கள் தாங்கள் ஒரு சொட்டும் கூட எடுக்கவில்லை என்று ஒரே வாயாகச் சொன்னார்கள். நான் பேசாமல் இருந்தேன். அந்தப் போகம் கடைசி வயல்கள் கதிர் தள்ளும் முன்பே கருகிப்போயின.

பிறகு ஒருநாள் கடைக்கு வந்து அந்த டெப்பை மேசையில் வைத்தாய்.

"எண்ட கையால நான் எழுதினத எனக்கே காட்டமாட்டன் எண்டா, இது ஆர்ட சாமான் மச்சான்?"

அதற்குப் பதிலாக லினக்ஸ் டெப் வாங்கலாமா என்று கேட்டாய், எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. வட்ஸ்அப் ஒழுங்காக ஓடாது, கெமரா வேலை செய்யுமோ தெரியாது, பெட்டரி அரை நாள் நின்றால் பெரிய காரியம், கண்ணாடி உடைந்தால் இலங்கை முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. "வாங்காதடா மச்சான்" என்று முடித்தேன். நீ ஓம் என்று தலையாட்டிவிட்டு, கட்டாரிலிருக்கும் மைத்துனனிடம் சொல்லி எடுப்பித்துவிட்டாய்.

நான் சொன்ன குறையெல்லாம் அப்படியே இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். கெமரா இரண்டு மாதம் கறுப்பாகவே கிடந்தது. தமிழ் எழுத்து பெட்டி பெட்டியாக வந்தது. இதற்கு ஒரு கரும்பலகை வாங்கியிருக்கலாம் என்று உன்னைக் கேலி பண்ணினேன். அஸருக்குப் பிறகு நீ வந்து குந்துவாய். நான் ஏசிக்கொண்டே தமிழ் எழுத்துருப் போட்டுத் தந்தேன். படம் வேண்டாம், எழுத்துப் போதும் என்றாய். திகதி, கதவு, திறந்த நேரம், அடைத்த நேரம், பெயர். உன் கோப்பு அவ்வளவுதான். பூட்டுப் போடச் சொன்னவன் நான். டெப் தொடங்கும்போதே, திறப்பதற்கு ஒரு இரகசிய வசனம் கேட்கும். அது மறந்தால் டெப்பைச் செய்தவனாலும் திறக்க ஏலாது. நீ வசனத்தைத் தட்டும்போது மரியாதைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ உனக்குள் சிரித்தது மட்டும் கேட்டது.

ஒரு பெரும்போகம் முழுக்கப் பதிந்தாய். அடுத்த கூட்டத்துக்கு இரண்டு கிழமை இருக்கையில் நெஞ்சு நோகிறது என்று படுத்தாய், எழும்பவில்லை. உன்னை அடக்கிவிட்டுக் கையில் மண்ணோடு நிற்கிறேன், கடைசி வயற்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து டெப் எங்கே என்று கேட்டார். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. ஆனால் இன்னொரு போகம் கருகினால் அவர் வீட்டில் அடுப்பெரியாது. அவர் வேறு யாரிடம் கேட்பார்?

உன் வீட்டில் டெப்பைத் தந்தார்கள். மகளின் பெயர், கண்டத்தின் பெயர், பழைய நம்பர், எல்லாம் தட்டிப் பார்த்தேன். திறக்கவில்லை. கம்பெனி பூட்டியதை ஏசிய வாயால் என்னையே ஏசிக்கொண்டேன்.

கூட்டத்துக்கு முதல்நாள் உன் மகள் கடைக்கு வந்தாள். கையில் உன் வஸிய்யத்து. நீ போனபின் உன்னை யார் குளிப்பாட்டுவது, யார் தொழுவிப்பது என்று எழுதி குர்ஆன் அலுமாரியில் வைத்திருந்தாயே, அந்தக் கடதாசி. அவசரத்தில் வீட்டார் முன்பக்கத்தை மட்டும் வாசித்து மடித்துவிட்டார்களாம்.

"பின்பக்கத்தில டெப்புட வசனம் கிடக்கு மாமா. ஒங்களுக்கிட்டக் குடுக்கட்டாம்" என்றாள்.

ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல்: வாங்காதடாமச்சான். வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு உன் மகள் முன்னாலேயே அழுதேன்.

கோப்பு திறந்தது. முறை முடிந்தும் அடைக்காதவர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. நாலாவது பெயர் என்னுடையது. ஐந்து நாள், ஒவ்வொரு நாளும் முறைக்கு மேலே மூன்று மணித்தியாலம். என் காணியைச் செய்கிறவர் கதவை அடைப்பதில்லை என்று எனக்குத் தெரியும் மச்சான். தெரியாத மாதிரி இருந்தேன். நீயும் என் பெயரை எழுதிவிட்டு என் எதிரில் குந்தித் தேத்தண்ணி குடித்துப் போயிருக்கிறாய். ஒரு வரியை அழிக்க ஒரு விரல் போதும். விரல் அங்கே கொஞ்ச நேரம் நின்றது, உனக்கு ஒளிப்பானேன்?

கூட்டத்தில் என் பெயரைத்தான் முதலில் வாசித்தேன். அதன் பிறகு மற்றவர்கள் மறுத்துப் பேசவில்லை. இந்தப் போகம் தண்ணீர் முறை கடைசி வயலிலிருந்து தொடங்கி மேலே வருகிறது. பதிகிற வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். டெப்பின் ஓட்டையில் இருந்த சேற்றில் பாதி என் கையால் அப்பியது.

அஸருக்குப் பிறகு அந்தப் பிள்ளை வந்தது. வட்ஸ்அப், கெமரா, பெட்டரி, கண்ணாடி, ஒன்று விடாமல் சொன்னேன்.

"அப்ப வேணாமா நானா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டது.

"வேணாம் எண்டு சொல்லல்ல புள்ள. படம் பாக்க எண்டா வேற ஒண்டு எடுங்க. எழுதினது ஒங்கட கையிலயே நிக்கணும் எண்டா இத எடுங்க. பூட்டுப் போட்டா வசனத்த வீட்டுல எழுதி வைங்க."

பிள்ளை போனபின் சார்ஜரைக் குத்தினேன். டெப் உயிர்த்து வசனம் கேட்டது. அந்த வசனத்தை மாற்றச் சொல்லி உன் மகள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். நான் மாற்றவில்லை. ஒவ்வொரு நாளும் உன் எழுத்தைத் திறக்க, அன்று உனக்குச் சொன்ன அதே புத்தியை என் விரலாலேயே தட்டுகிறேன்.