பாதிக் கிளாஸ் கரும்புச் சாறு

மச்சாள்,

இங்கே ஒஸ்லோவில், குறொன்லாண்டுப் பக்கம் மரக்கறி வாங்கப் போன கடையில் கரும்புச் சாறு தகரப் பேணியில் அடைத்து விற்கிறார்கள். ஒன்று வாங்கி வந்து கிளாசில் ஊற்றிப் பாதி குடித்தேன். அதில் கலந்த தேசிக்காய்ப் புளி வாசம் மூக்கில் ஏறியதும் மீதி உள்ளே இறங்கவில்லை. கிளாசை மேசையில் வைத்துவிட்டு உங்களோடு கதைக்க உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் போய் ஒரு பனிக்காலம் முடிந்துவிட்டது.

மதுரையில் அன்று கலியாண வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தோம். எனக்கு வயிற்றில் நாலு மாதம். தெருவோர வண்டிக்காரன் கரும்பை நசுக்கிய சத்தத்துக்கே வாயூறியது. "பிள்ளைத்தாச்சி ஆசைப்பட்டால் குடுக்கோணும்" என்று ஆட்டோவை நிறுத்தி இறங்கி ஓடினீர்கள். ஐஸ் மிதக்க ஒரு கிளாஸ். நான் பாதியோடு போதுமென்றேன். இனிப்பென்றாலே முகம் சுளிக்கும் நீங்கள், வீணாக்கக் கூடாதென்று மீதியை ஒரே மடக்கில் குடித்தீர்கள்.

ஒஸ்லோ திரும்பிச் சில கிழமைகளில் உங்கள் கண் மஞ்சளித்தது. "செங்கமாரி. கீழ்க்காய்நெல்லி அரைச்சுக் குடிச்சால் சரி" என்றீர்கள். இந்தப் பனிக்குள் கீழ்க்காய்நெல்லிக்கு எங்கே போவது? சோற்று மணத்துக்கே குமட்டிச் சத்தி வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தீர்கள். அங்கே பெண் டொக்டர் முதலில் கேட்டது, சரியாக வேகாத பன்றி இறைச்சி சாப்பிட்டீர்களா என்று. இந்த நாடுகளில் அந்தக் கிருமி பன்றியிலிருந்தும் வருமாம். மீன் வாசம் பட்டாலே தலைமுழுகுகிற உங்களிடம்! அந்தக் களைப்பிலும் எழும்பி உட்கார்ந்துவிட்டீர்கள். இந்தியா போய்வந்ததைச் சொன்னதும் டொக்டர் தலையாட்டினார். ஹெபடைடிஸ் ஈ. அசுத்தத் தண்ணீரால் வருவது. தனி மருந்தில்லை, அநேகமாக ஈரல் தானே ஆறிவிடும் என்றார். கர்ப்பிணிக்கு வந்தால்தான் பயம், தாயும் பிள்ளையுமே போய்விடலாம் என்றார்.

நீங்கள் என் வயிற்றைப் பார்த்தீர்கள். "அந்த ஐஸ் தண்ணிதான். ரெண்டு பேரும் ஒரே கிளாஸ். நான்தானே வாங்கித் தந்தனான்" என்று அழுதீர்கள். உங்கள் நோயை நீங்கள் மறந்தே போனீர்கள். எனக்கும் இரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை, பிள்ளை அசைகிறதா என்று வயிற்றில் கை வைத்தபடியே இருந்தேன்.

முடிவோடு டொக்டர் உங்கள் கட்டிலடிக்கே வந்தார். அப்போது எனக்கு இந்த நாட்டு மொழி பிடிபடவில்லை. சின்ன வயதிலேயே இங்கே வந்து படித்த நீங்கள்தான் எனக்கு வாய். மஞ்சள் கண்ணோடு படுத்தபடியே மொழிபெயர்த்தீர்கள். ஒரு சொல்லுக்குத் தமிழ் வராமல் திணறினீர்கள்.

"உமக்கு இந்த வருத்தம் கன வருசத்துக்கு முந்தியே வந்து போயிட்டுதாம். உம்மடை இரத்தத்திலை... எப்பிடிச் சொல்ல... ஒரு பழைய காவல்காரன் நிக்கிறானாம். அவன்தான் உள்ளுக்கு விடேல்லைப் போலை."

"எனக்கோ? எப்ப?"

"சின்னனிலை எங்கை இருந்தனீர் எண்டு கேக்கிறா."

தமிழ்நாட்டில், அகதி முகாமில். படகில் வந்திறங்கிய சின்னப் பிள்ளை நான். ஒரு மாரியில் பக்கத்துக் கொட்டில்களில் பலருக்குக் கண் மஞ்சளித்தது. எனக்கு லேசான காய்ச்சல் மட்டும். கலங்கிய அந்தத் தொட்டித் தண்ணீரை வாழ்நாள் முழுக்கத் திட்டியிருக்கிறேன். அதைக் குடித்த உடம்பு, எனக்கே தெரியாமல், இத்தனை வருடம் அதை நினைவில் வைத்திருந்து, நான் கனவிலும் காணாத ஒரு பிள்ளைக்காக வாசலில் நின்றிருக்கிறது. மச்சாள், அன்று எனக்கு மயிர் கூச்செறிந்தது. கோயிலில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை.

நீங்கள் கண்ணைத் துடைத்துவிட்டுச் சிரித்தீர்கள். "உம்மை விட உம்மடை இரத்தத்துக்கு ஞாபகசக்தி கூட. நீர் அடுப்பிலை பால் வைச்சதையே மறக்கிற ஆள்."

உங்கள் ஈரலும் மருந்தில்லாமலே ஆறியது. கண்ணின் மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாக வடிவதைப் பக்கத்தில் இருந்து அதிசயமாகப் பார்த்தேன். மகள் பிறந்தபோது முதலில் கையில் வாங்கியது நீங்கள். "இனி என்னட்டையும் மச்சாளிட்டையும் ஒரே காவல்காரன்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் பெருமையடித்தீர்கள். போன பனிக்காலம் உங்கள் இதயம் நின்றபோது அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. உங்களுடையவன் உங்களோடு தீயில் போய்விட்டான். என்னுடையவன் இன்னும் நிற்கிறான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மகள் வந்துவிட்டாள். மேசையைப் பார்த்தாள்.

"அம்மா, மிச்சம் வேண்டாமே? நான் குடிக்கட்டே?"

ஒரே மடக்கு. குடித்துவிட்டு இனிப்புக்கு முகம் சுளித்தாள், அச்சு அசல் உங்களைப் போல.