உப்பை விட்ட கிழமை

அண்ணை,

இன்று சாரதி அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க மெடிக்கல் சோதனைக்குப் போயிருந்தேன். கையில் பட்டியைச் சுற்றி நர்ஸ் காற்றடித்தார். அது இறுகியபோது உங்கள் முகம்தான் முன்னால் வந்தது. "பிரஷர் கொஞ்சம் கூட இருக்கு, டொக்டரோட கதையுங்கோ" என்றார். ஓம் என்றேன்.

திருகோணமலைக்கும் குச்சவெளிக்கும் நீங்கள் பஸ் ஓட்டிய காலமெல்லாம் நான் உங்கள் கொண்டக்டர். இப்போது அதே பாதையில் நானே ஓட்டுகிறேன். மெடிக்கலுக்கு முந்தின கிழமை ஏழு நாளும் பிரஷர் இறங்கட்டும் என்று உப்பை விடுவது எங்கள் ஆட்களுடைய பழக்கம். அதில் உங்களை வெல்ல ஆளில்லை. கருவாடு இல்லை, ஊறுகாய் இல்லை, முருங்கையிலையும் உள்ளியும்தான். குச்சவெளியில் என் சோற்றுப் பார்சலை எட்டிப் பார்த்து, "என்ர கண்ணுக்கு முன்னால கட்டாக் கருவாடு தின்னுறாய், நீயெல்லாம் மனுசனோ?" என்று பாய்வீர்கள். அவ்வளவு பத்தியம் இருந்தும் டொக்டர் பிடித்துவிடுவார். கிளினிக்குக்கு வந்து மருந்து எடுத்தால்தான் கையெழுத்து என்பார். நீங்களும் முணுமுணுத்துக்கொண்டு குளிசை போடுவீர்கள். அந்த மெடிக்கல் ஒன்று இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டீர்கள்.

பிறகு கொரோனா வந்தது. உங்கள் அனுமதிப்பத்திரம் முடிகிற வருஷமும் அதுவாகத்தான் இருந்தது. மெடிக்கலும் இல்லை, வாகனப் பரிசோதனையும் இல்லை, காலாவதியாகிறவை எல்லாம் தற்காலிகமாக நீடிக்கப்படும் என்று செய்தியில் சொன்னார்கள். கேட்ட கையோடு எனக்குப் போன் எடுத்தீர்கள்.

"தம்பி, தப்பிட்டன்! மனிசியைக் கருவாடு பொரிக்கச் சொல்லிட்டன்."

நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். பஸ் இல்லை, உழைப்பு இல்லை, படலையைத் தாண்ட வழியில்லை. அந்த நாட்களில் நமக்குக் கிடைத்த நல்ல செய்தி அது ஒன்றுதான். பிறகு அதை இன்னொருமுறை நீடித்தார்கள். உங்கள் குளிசை எப்போது முடிந்தது என்று யாருக்கும் தெரியாது. அண்ணிக்கும் நீங்கள் சொல்லவில்லை.

பஸ் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு ஒருநாள், நிலாவெளி தாண்டி வரும்போது, "இந்தக் கை சொல்வழி கேக்குதில்லை தம்பி" என்றீர்கள். மற்றக் கையால் மெதுவாக ஓரங்கட்டி, பிரேக்கைப் போட்டு, ஆட்களை இறக்கச் சொன்னீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் சொன்ன எதுவும் எனக்கு விளங்கவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. ஆஸ்பத்திரி வாசலோடு என்னை மறித்துவிட்டார்கள். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு மதிலோரம் நின்றேன், வேறு என்ன செய்ய? மறுநாள் காலை அண்ணி போனில் அழுதா. சுடலைக்கும் வீட்டாட்கள் சிலரைத்தான் விட்டார்கள்.

யாரைக் கோபிப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, அண்ணை. நீடித்தவர்களையா? அந்த நேரத்தில் எங்களை ஒரு வாசலில் வரிசையாக நிறுத்தியிருந்தால் அதற்கும் ஏசியிருப்போம். உங்களையா? அன்று போனில் உங்களோடு சேர்ந்து சிரித்தவன் நான்தானே. உங்களுக்குப் பிறகு நான் மெடிக்கலுக்கென்று உப்பை விடுவதில்லை. உள்ளது உள்ளபடி தெரியட்டும் என்று சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறேன்.

இன்று எனக்குப் பின்னால் இருந்த ஒரு லொறிக்காரர் உப்பில்லாமல் வாடிப்போய் வந்திருந்தார். சீனன்குடாப் பக்கத்து ஆள், உங்கள் வயது இருக்கும். அவரிடம் உங்கள் கதையை ஒன்றும் விடாமல் சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டார்.

"பாவம் தம்பி, நல்ல மனுசன் போல," என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு இண்டைக்கு மட்டும் பாஸானாக் காணும், வேறொண்டும் வேண்டாம்" என்றார்.

பாஸாகிவிட்டார். வாசலிலேயே போனை எடுத்து வீட்டுக்குச் சொல்லி, வாய் நிறையச் சிரித்தார். அவர் சிரிக்கச் சிரிக்க எனக்கு அழுகை வந்தது, அண்ணை.