செத்த வாகை மரத்துக்குக் ‘கயிறே போதும்’ என்று எழுதிய பொறியாளர் மீது புகார்

அனுப்புநர்
டெ. ஜோஸ்பின்,
க/பெ. டென்னிஸ்,
சந்தியாகப்பர் கோயில் குறுக்குத் தெரு,
காரைக்கால்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
காரைக்கால்.

பொருள்: பட்டுப்போன மரத்தை வெட்ட ஸ்கை லிஃப்ட் வண்டி தர மறுத்து, என் கணவரைக் கயிற்றில் ஏற்றி முடமாக்கி, பழியையும் அவர் மீதே போட்ட இளநிலைப் பொறியாளர் திரு. நிலவன் மீது நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. பொறியாளரின் பணிக் குறிப்பு, நாள் 09.07.2025.
2. பொறியாளரின் விபத்து அறிக்கை, நாள் 14.07.2025.
3. பொறியாளர் தம் வீட்டுக்காக எழுதிய கடிதம், நாள் 17.10.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது இழப்பீடு கேட்கும் மனு அல்ல. அதற்கு வேறு மனு போட்டிருக்கிறேன், அது வேறு மேசையில் தூங்குகிறது.

1. என் கணவர் டென்னிஸ், வயது 38, எங்கள் பகுதிப் பொறியியல் அலுவலகத்தில் பதினேழு ஆண்டுகளாகத் தினக்கூலிக்கு மரம் வெட்டியவர். இடுப்பில் பட்டை மாட்டி, கயிறு கட்டி ஏறிக் கிளை கழிப்பது அவர் வேலை. புயல் அடித்த மறுநாள் பொறியாளர்கள் முதலில் தேடுவது அவருடைய கைபேசி எண்ணைத்தான்.

2. கயிறு கெட்டது, வண்டி நல்லது என்று நான் வாதாட வரவில்லை. வண்டி நுழையாத சந்துகள் இந்த ஊரில் எத்தனையோ உண்டு. பச்சை மரமாக இருந்தால் அங்கெல்லாம் கயிறுதான் ராஜா. ஆனால் ஆளைத் தொட்டியில் நிறுத்தித் தூக்கும் வண்டி தரையை நம்பி நிற்கிறது, கயிறு மரத்தை நம்பித் தொங்குகிறது. மரமே செத்துப்போனால் கயிறு எதை நம்பும்? எட்டாம் வகுப்போடு நின்ற எனக்குப் புரிவது பொறியியல் படித்தவருக்குப் புரியாதா என்று தாங்கள்தான் கேட்க வேண்டும்.

3. எங்கள் தெருவுக்கு அடுத்த பள்ளிக்கூடத்து மதிலோரம் ஒரு வாகை மரம் இரண்டு கோடையாகப் பட்டுப்போய் நின்றது. மாங்கனித் திருவிழா அன்று பள்ளிக்கு விடுமுறை, பிள்ளைகள் இருக்கமாட்டார்கள் என்பதால் 10.07.2025 அன்று அதை வெட்ட முடிவானது. முதல் நாளே என் கணவர் அரிவாளின் பின்புறத்தால் மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, பொறியாளரிடம் நேரில் சொன்னார்: “சார், உள்ள உளுத்து வெறும் கூடா இருக்கு. கயிறு போட்டா மரமும் நானும் சேர்ந்துதான் வருவோம். வண்டியக் கொடுங்க.” உடனிருந்த சக தொழிலாளி அகரன் இதற்குச் சாட்சி. பொறியாளர் அதற்குப் பதிலாக எழுதிய குறிப்பு பார்வை 1. “இவ்வகை வேலைக்குக் கயிறே போதுமானது. வண்டி திருவிழாப் பணியில் உள்ளது.” மறுத்தால் மறுநாளிலிருந்து வேலை இல்லை என்று வாயாலும் சொல்லியிருக்கிறார்.

4. வண்டி என்ன திருவிழாப் பணியில் இருந்தது என்பதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். சாமி ஊர்வலம் வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் வீசுவதும், குழந்தை வேண்டும் பெண்கள் அதை மடியில் ஏந்துவதும் தாங்கள் அறிந்ததே. நாங்கள் வேதக்காரர்கள். ஆனாலும் கல்யாணமாகிப் பதினோரு வருடமாகக் குழந்தை இல்லாத எனக்கு எந்தச் சாமி கொடுத்தாலும் சம்மதம் என்றுதான் கூட்டத்தில் முந்தானையை விரித்து நின்றேன். மாடி வீடு இல்லாத குறையைப் பொறியாளர் வண்டியால் தீர்த்துக்கொண்டார். தம் மனைவியோடு தொட்டியில் ஏறி, தெருவுக்கு மேலே நின்று மாம்பழம் வீசினார். அதில் ஒன்று என் முந்தானையில் விழுந்தது. ஐயா, நான் சந்தோஷப்பட்டேன். மேலே பார்த்து அந்த மனிதரைக் கும்பிட்டேன். இதை எழுதும்போதும் என் கை கூசுகிறது.

5. சிறிது நேரத்தில் அகரன் கைபேசியில் அழைத்தார். கயிறு கட்டியிருந்த கிளை அடியோடு முறிந்து, என் கணவர் அதனுடனேயே மதில்மேல் விழுந்திருந்தார். முதுகெலும்பு நொறுங்கி இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. குழந்தைக்கும் இனி வழியில்லை என்று மருத்துவர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். அந்த மாம்பழத்தை மருத்துவமனைப் பின்புற வாய்க்காலில் எறிந்தேன்.

6. நான்காம் நாள் பொறியாளர் எழுதிய அறிக்கை பார்வை 2. அதில் என் கணவர் பாதுகாப்புப் பட்டை அணியவில்லை என்றும், மது அருந்தியிருந்தார் என்றும் கண்டுள்ளது. என் கணவர் குடிப்பவர்தான், மறைக்கவில்லை. ஆனால் மரம் ஏறும் நாளில் குடிப்பதில்லை. மருத்துவமனைச் சீட்டிலும் மது வாடை இல்லை என்றே உள்ளது. பட்டையோ, மருத்துவமனையில் கத்தரித்து எடுக்கப்பட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பட்டை அணியாததால் அவர் விழவில்லை. அணிந்ததால்தான் அந்தச் செத்த கிளையை விட்டு விலக முடியாமல் அதோடு வந்தார்.

7. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். பொறியாளர் குடியிருக்கும் வீட்டின் பின்னால் ஒரு வேப்பமரம் பட்டுப்போய், படுக்கையறை மேல் சாய்ந்து நிற்கிறது. அதற்காக அவர் மேலிடத்துக்கு எழுதிய கடிதம் பார்வை 3. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நகல் வாங்கினேன். “மரம் பட்டுப்போயுள்ளதால் கயிறு கட்டி ஆள் ஏறுவது உயிருக்கு ஆபத்து. எனவே ஸ்கை லிஃப்ட் வண்டியை உடன் அனுப்ப வேண்டுகிறேன்.” மூன்று மாத இடைவெளி, இரண்டு செத்த மரம், ஒரே கையெழுத்து. இரண்டு தாளையும் அருகருகே வைத்து நான் தினமும் படிக்கிறேன். ஜெபப் புத்தகத்தைக்கூட இவ்வளவு படித்ததில்லை.

8. வண்டி எண்ணெய் ஒழுகிப் பழுதுக்காகப் புதுச்சேரி போயிருக்கிறது. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மழையோ பிடித்துக்கொண்டது. ஊரில் கயிறு கட்டும் எட்டுப் பேரையும் அவர் கேட்டுவிட்டார், ஒருவரும் ஏறவில்லை. கடைசியில் சென்ற ஞாயிறு எங்கள் வீட்டுக்கே ஆப்பிள் பையோடு வந்து, “டென்னிஸ், நீ ஒரு வார்த்தை சொன்னா அவனுங்க ஏறுவானுங்க” என்று கேட்டார். படுக்கையிலிருந்து என் கணவர் சொன்ன பதில்: “கயிறே போதும்னு நீங்கதானே சார் எழுதுனீங்க.” ஆப்பிளை நான் அவருடைய கார் மேலேயே வைத்துவிட்டு வந்தேன்.

9. எங்கள் பங்குச் சாமியார் மன்னிக்கச் சொன்னார். மன்னிப்பு ஆண்டவருடைய இலாகா, நான் ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுதப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகவே தாங்கள் கீழ்க்கண்டவற்றுக்கு உத்தரவிட வேண்டுகிறேன்:

அ) பொய் அறிக்கையை ரத்து செய்து, நடந்ததைப் பொறியாளர் தம் கைப்பட எழுதிக் கையொப்பமிட வேண்டும். அதை அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.

ஆ) அரசு வண்டியில் ஏறி மாம்பழம் வீசியதற்காக அவரைப் பணியிடை நீக்கம் செய்ய வேண்டும். எதிர்க்கடையிலிருந்து திரு. முகம்மது இப்ராஹிம் எடுத்த காணொளி இணைக்கப்பட்டுள்ளது.

இ) அவர் வீட்டு வேப்பமரத்துக்கு வண்டி அனுப்பக் கூடாது. வேறு எந்தத் தொழிலாளியையும் அதில் ஏற்றக் கூடாது. இவ்வகை வேலைக்குக் கயிறே போதுமானது என்பது அவருடைய எழுத்துப்பூர்வமான முடிவு என்பதால், திரு. நிலவன் அவர்களே கயிறு கட்டி ஏற வேண்டும்.

இது பழிவாங்கும் எண்ணம் என்று தாங்கள் நினைக்கலாம். ஆம் ஐயா, அதேதான். சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது கோரிக்கையை என் கணவர் அடித்துவிடச் சொன்னார். ஏறத் தெரியாத ஆளுக்குக் கீழே நின்று கயிறு பிடிக்க ஒருவர் வேண்டும், அந்த மனிதருக்காக யார் பிடிப்பார்கள் என்று கேட்டார். அந்தக் கவலை தங்களுக்கும் வேண்டாம். நாளையும் நேரத்தையும் குறித்துத் தகவல் அனுப்புங்கள். கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க நான் வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) டெ. ஜோஸ்பின்

இடம்: காரைக்கால்
நாள்: 03.11.2025

இணைப்பு: பார்வை 1 முதல் 3 வரை நகல்கள், மருத்துவமனைச் சீட்டு நகல், காணொளி அடங்கிய பென் டிரைவ். பட்டையை இணைக்கவில்லை, விசாரணை அன்று நேரில் கொண்டுவருவேன்.