ஆறு ஆண்கள் அறையில் ஒரு தொட்டில்

சாந்தியாகோ
8 மார்ச் 1993

எவேலியோ,

நான் நன்றாக இருக்கிறேன். வீடுதான் நன்றாக இல்லை. ஃபிரிட்ஜ் கதவு தானாகத் திறந்துகொள்கிறது. உள்ளே ஒரு பாட்டில் தண்ணீரும் பாதி எலுமிச்சம்பழமும்தான் இருக்கின்றன, அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் யாரோ வந்துவிட்டார்கள் என்று திரும்பிப் பார்க்கிறேன். சமையலறைக் குழாய் சொட்டுகிறது. வாஷர் வாங்கலாம் என்று கடைக்குப் போனால் அங்கே கடைக்காரர் மட்டும்தான் இருக்கிறார். "ஆலைக்கே வெளிச்சம் போடறவன் பொண்டாட்டி, வீட்ல குழாய அழவிட்டுட்டு உக்காந்திருக்கா" என்று பக்கத்து வீட்டுக் கச்சிட்டா கேலி செய்கிறாள்.

முக்கியமான செய்திக்கு வருகிறேன். உங்கள் மோவாவில் ஒர்த்தேகா என்று ஒரு குடும்பம் இருக்கிறதாம். அவர்களுடைய பெண் இங்கே படிக்கிறாள், அதனால் சாந்தியாகோவுக்கு வரப் பார்க்கிறார்கள். நம் நாட்டுச் சட்டத்தில் வீட்டை விற்கவா முடியும், மாற்றிக்கொள்ளத்தானே முடியும். அவர்களுடைய இரண்டறை வீட்டை நமக்குக் கொடுத்துவிட்டு இதை எடுத்துக்கொள்கிறார்கள். ஜூன் பத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

நீ போய் இரண்டு வருடமாகிறது. ஃபோர்மேன் ஆகாமல் இந்தத் தெருவில் கால் வைக்க மாட்டேன் என்று என் அண்ணன் முன்னால், டோமினோ ஆடுகிற அத்தனை பேர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுப் போனாய். சரி, வைக்க வேண்டாம். நான் அங்கே வந்துவிடுகிறேன். என்ன சொல்கிறாய்?

உன் நெரேய்தா


மோவா
25 மார்ச் 1993

என் கண்ணே நெரேய்தா,

உன் கடிதம் வந்த அன்று இங்கே மழை. தெருவெல்லாம் செம்மண் குழம்பு. இந்தத் தாளில் தெரிகிற கறை அதுதான், பயந்துவிடாதே.

ஃபிரிட்ஜ் கதவில் கோளாறு இருக்காது. தரை சாய்ந்திருக்கும். முன்கால்கள் இரண்டுக்கும் அடியில் விரல் பருமன் மரத்துண்டு வை. பெட்டி சற்றுப் பின்னால் சாய்ந்தால் கதவு தானே போய் மூடிக்கொள்ளும். குழாய்க்கு என் பழைய சைக்கிள் டியூபில் ஒரு வட்டம் வெட்டிக்கொள். பழைய வாஷரை அளவுக்கு வைத்து வெட்டு, மெயின் வால்வை மூடிவிட்டுக் கழற்று. அதுவரை சத்தம் தாங்க முடியாவிட்டால் குழாய் வாயில் ஒரு நூலைக் கட்டித் தொங்கவிடு. சொட்டு நூல் வழியாகச் சத்தமில்லாமல் இறங்கும்.

கட்டில் இன்னும் கத்துகிறதா? மூட்டுகளில் காய்ந்த சோப்பைத் தேய். போன வாரம் இங்கே ஒரு தொட்டிலுக்கு அப்படித்தான் செய்தேன். குழந்தை அன்றிரவு முழுக்க எழுந்திருக்கவில்லையாம்.

நான் சௌக்கியம். ஹாஸ்டல் சாப்பாடு வழக்கம்போல. வீடு மாற்றும் விஷயத்தை யோசிக்கிறேன்.

முத்தங்களுடன்,
எவேலியோ


சாந்தியாகோ
12 ஏப்ரல் 1993

எவேலியோ,

ஃபிரிட்ஜ் கதவு மூடிக்கொள்கிறது. குழாய் நின்றுவிட்டது. கச்சிட்டா வந்து பார்த்துவிட்டு அவள் வீட்டுக்கும் டியூபில் வட்டம் வெட்டித் தரச் சொன்னாள். உன் டியூபில் பாதி போய்விட்டது. நீ வந்து சைக்கிள் ஓட்டுவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்.

இப்போது என் குழப்பத்தைச் சொல்கிறேன். நீ இருப்பது ஆண்கள் ஹாஸ்டல். ஓர் அறையில் ஆறு பேர் என்று நீதான் எழுதியிருந்தாய், ஆறு பேருடைய குறட்டையையும் தனித்தனியாக வர்ணித்திருந்தாய். அந்த அறைக்குத் தொட்டில் எப்படி வந்தது? குழந்தை எழுந்திருக்கவில்லை என்று உனக்கு யார் சொன்னார்கள்?

தாள் வேறு. போன கடிதம் பள்ளிக்கூடக் கணக்கு நோட்டின் தாளில் வந்தது. பின்பக்கம் ஏழாம் வாய்பாடு, ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று தப்பாக எழுதியிருக்கிறது. அதற்கு முந்தையது ஒரு காலண்டர் தாள். அதில் ஒரு தேதியைச் சுற்றி லிப்ஸ்டிக்கால் வட்டம் போட்டிருந்தது. அன்றைக்கு என்ன விசேஷம் என்று நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

நான் சந்தேகப்படவில்லை. எனக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். கச்சிட்டாதான் சந்தேகப்படுகிறாள்.

ஒர்த்தேகா மறுபடி ஆள் அனுப்பினார். யோசித்தாயா?

நெரேய்தா


மோவா
30 ஏப்ரல் 1993

என் நெரேய்தா,

நீயும் கச்சிட்டாவும் ஒரு தொட்டிலை வைத்துக்கொண்டு என்னவெல்லாம் செய்துவிடுகிறீர்கள். அது ஹாஸ்டல் காவலாளியின் பேரனுடையது. தாள் இங்கே எங்கேயும் கிடைப்பதில்லை, கையில் அகப்படுவதில் எழுதுகிறேன். லிப்ஸ்டிக் வட்டம் யார் போட்டது என்று எனக்கு எப்படித் தெரியும்?

வீட்டைப் பற்றி. அவசரப்பட வேண்டாம் என்று தோன்றுகிறது. ஊர் முழுக்கச் செந்தூசி, உன் நெஞ்சுச் சளிக்கு ஆகாது. தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வருகிறது. ஒர்த்தேகா வீட்டின் நிலைமையும் தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்.

அலமாரிக் கதவின் திருகாணி ஆடுகிறது என்று முன்பு ஒரு முறை எழுதியிருந்தாய். ஓட்டையில் இரண்டு தீக்குச்சியை ஒடித்துச் செருகிவிட்டுத் திருகு, கடித்துக்கொள்ளும். பால் கிடைக்கும் நாளில் பொங்கி வழியாமல் இருக்கப் பாத்திரத்தின் மேல் குறுக்காக மரக்கரண்டியை வை. அடுப்பிலிருந்து ஒரேயடியாகக் கண்ணை எடுத்துவிடாதே, அது அவ்வளவு நேரம் தாங்காது. பெண்கள் செருப்பில் குதி கழன்றால் ஆணி அடிக்காதே, பிளந்துவிடும். பழைய டயரில் ஒரு துண்டு வெட்டி ஒட்டு, நடக்கும்போது சத்தமும் வராது. பாவாடை ஜிப் சிக்கினால் மெழுகுவர்த்தியைத் தேய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

எவேலியோ


சாந்தியாகோ
14 மே 1993

எவேலியோ,

ஹாஸ்டலில் அடுப்பே கிடையாது, கேன்டீனில்தான் சாப்பாடு என்றாய். பால் எங்கே பொங்கியது? உன் அறையில் இருக்கும் ஆறு பேரில் குதி வைத்த செருப்பு யார் போடுகிறார்கள்? பாவாடை யார் கட்டுகிறார்கள்?

ஒரு பெண் என்று முதலில் நினைத்தேன். பிறகு உட்கார்ந்து உன் கடிதங்களையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தேன். கைக்குழந்தை இருக்கிற ஒருத்தி, வாய்பாடு தப்பாக எழுதுகிற பையனின் அம்மா ஒருத்தி, லிப்ஸ்டிக் பூசி ஜிப் வைத்த பாவாடை கட்டிக்கொண்டு குதிச் செருப்பில் நடக்கிற ஒருத்தி. ஜனவரிக் கடிதத்தில் பல்செட் வைக்கும் டம்ளரில் கறை போக வழி எழுதியிருந்தாய், ஆக ஒரு கிழவியும் இருக்கிறாள். எல்லாரும் ஒருத்தியாக இருக்க முடியாது. நாலு பேர் என்றால், மன்னித்துக்கொள், உனக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. இதைச் சொன்னதும் கச்சிட்டா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் பாத்திரம் கழுவும்போது அழுதேன்.

நான் கேட்பது ஒரு வரி. நான் அங்கே வரலாமா, கூடாதா? ஒருத்தி இருந்தால் இருக்கிறாள் என்று எழுது. எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஜூன் பத்துக்கு இன்னும் நாலு வாரம்கூட இல்லை.

நெரேய்தா


மோவா
28 மே 1993

நெரேய்தா,

பெண் யாரும் இல்லை. என் அம்மா மேல் சத்தியம்.

இப்போது வர வேண்டாம். ஏன் என்று கேட்காதே. ஒர்த்தேகாவிடம் முடியாது என்று சொல்லிவிடு, வேறு நல்ல வீடாகப் பிறகு பார்க்கலாம்.

மழைக்காலம் வருகிறது. ஜன்னல் மரம் உப்பி இறுகிக்கொள்ளும், ஓரங்களில் இப்போதே மெழுகைத் தேய்த்துவை.

எவேலியோ


மோவா
9 ஜூன் 1993

எவேலியோ,

ஊர் பெயரைப் பார்த்துத் திடுக்கிட்டிருப்பாய். ஆமாம், மோவாதான். நேற்றுக் காலையில் ஒரு லாரியின் பின்னால், வாழைத்தார்களுக்கும் ஒரு ஆட்டுக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தேன். வழி நெடுக உன்னிடம் சண்டை போட ஒத்திகை பார்த்தேன். அவளிடம் என்ன பேசுவது, உன்னிடம் என்ன பேசுவது, எந்த இடத்தில் அழக்கூடாது, எல்லாம் தயாராக இருந்தது. ஒர்த்தேகா கொடுத்தனுப்பியிருந்த வீடு மாற்றும் காகிதத்தையும் எடுத்து வந்தேன், நேரில் வேண்டாம் என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பதற்காக. ராத்திரி பஸ் நிலையப் பெஞ்சில் படுத்துவிட்டு, விடிந்ததும் ஆலை ஹாஸ்டலுக்குப் போனேன்.

காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "எவேலியோ வேல பாத்த பிரிவ போன அக்டோபர்லயே நிறுத்திட்டாங்களேம்மா. எண்ணெய் இல்ல, மிஷின் ஓடல. அவங்கவங்க ஊரப் பாத்துப் போயிட்டாங்க. இவன் மட்டும் வெள்ளிக்கிழமையானா கடுதாசி வாங்க வந்து நிப்பான்" என்றார்.

"இப்ப எங்க இருக்காரு?"

"எங்கயாவது ஒரு வீட்ல எதையாவது ஒட்டிக்கிட்டிருப்பான். தெருவுல போய்க் கேளுங்க, சொல்லுவாங்க."

அவருக்குப் பேரன் இருக்கிறானா என்று கேட்டேன். கல்யாணமே ஆகவில்லையாம்.

தெருவில் கேட்டேன். எவேலியோ, இந்த ஊரில் உன்னைத் தெரியாத வீடே இல்லையா? ஒருத்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே தொட்டிலைக் காட்டினாள். வாய்பாட்டுப் பையன் திண்ணென்று வளர்ந்திருக்கிறான், ஏழெட்டு இன்னும் வரவில்லை. லிப்ஸ்டிக் வட்டம் போட்டவள் மளிகைக் கடையில் நிற்கிறாள், அது ரேஷன் சோப்பு வரும் தேதியாம். பல்செட்டுக் கிழவி, இலுமினாதா, கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்காரவைத்துவிட்டாள். அவள் சமையலறையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

"நீங்கதானா அந்த நெரேய்தா?" என்றாள். "குழாயப் பிரிச்சு மாட்டிட்டு, ஈரக் கையோட நின்னுக்கிட்டே பேப்பர் இருக்கான்னு கேப்பாரு. மறக்கறதுக்குள்ள என் பொண்டாட்டிக்கு எழுதணும்பாரு. நான் கூட கேட்டேன், ஏன்யா எழுதிக்கிட்டு, நேராப் போய்ச் செஞ்சு குடுத்துட்டு வாயேன்னு. தட்டுல இருந்த சோத்தக்கூட முடிக்காம எந்திரிச்சுப் போயிட்டாரு."

வேலைக்கு ஒரு கோப்பை அரிசி, இல்லாவிட்டால் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, சில வீடுகளில் ஒரு மடக்கு காப்பி. முடி வெட்டும் கடைக்குப் பின்னால் படுக்கை. எட்டு மாதம். ஹாஸ்டல் சாப்பாடு வழக்கம்போல என்று எழுதினாய்.

நான் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததில் ஒரு வார்த்தைகூட இதற்குப் பொருந்தவில்லை. ஒரு பெண்ணை ஒளித்து வைத்திருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். நீ வேலை போனதை ஒளித்திருக்கிறாய். அதைச் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று நினைத்தாய்? அண்ணனோடு சேர்ந்து சிரிப்பேன் என்றா? பன்னிரண்டு வருடம் ஒரே கட்டிலில் படுத்தவளைப் பற்றி அவ்வளவுதான் தெரிந்துவைத்திருக்கிறாயா? கோபம் வருகிறது. நீ மெலிந்துவிட்டாய் என்று இவள் சொன்னதைக் கேட்டதிலிருந்து கோபத்தைச் சரியாகப் பிடித்துவைக்கவும் முடியவில்லை. காலையிலிருந்து இதே குழப்பம்தான். இலுமினாதா நடுவில் நடுவில் வந்து, "எழுதுங்க, எழுதுங்க, அவரு சாயங்காலம் குக்கர் ரப்பர் பாக்க வருவாரு" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். கடிதத்தை இவளிடம் கொடுத்துவிட்டு, நீ வருவதற்குள் நான் கிளம்பிவிடுவேன். நீ இதைத் தனியாக நின்று படி. எதிரில் நான் உட்கார்ந்திருந்தால் குக்கரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாய்.

நானும் ஒன்றை உன்னிடம் சொல்லவில்லை. வீடு என் அப்பா எனக்கு விட்டுப்போனது, மாற்றிக்கொள்ள என் கையெழுத்து ஒன்றே போதும் என்று வீட்டு அலுவலகத்தில் முதல் நாளே சொல்லிவிட்டார்கள். உன் பதில் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. எனக்குத்தான் தேவைப்பட்டது. அதனால்தான் மூன்று மாதம் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

மதியம் இங்கிருந்து எழுந்துபோய் ஒர்த்தேகாவைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அவர்கள் வருகிற இருபதாம் தேதி காலி செய்கிறார்கள், நான் சாந்தியாகோவுக்குப் போய்ச் சாமானைக் கட்டிக்கொண்டு அன்றைக்கே வந்து இறங்குகிறேன். தபாலாபீசுக்குப் பின்னால் இருக்கிற மஞ்சள் வீடு. இந்த ஊரில் உனக்குத் தெரியாத வீடு அது ஒன்றாகத்தான் இருக்கும், ஒர்த்தேகா உன்னைக் கூப்பிட்டதே இல்லையாம். அந்த ஆளுக்கு எதையும் சரிசெய்து வைத்துக்கொள்ளும் பழக்கம் இல்லை, பார்த்தாலே தெரிகிறது. சமையலறைக் கூரை ஒழுகுகிறது, சரியாக அடுப்புக்கு மேலே. மழைக்காலம் வேறு வந்துவிட்டது.

இதற்கு உன்னிடம் ஏதாவது வழி இருக்கும். தயவுசெய்து அதைக் கடிதத்தில் எழுதி அனுப்பாதே.

நெரேய்தா