ஒரு கிர்ணியும் அரை எச்.பி. மோட்டாரும்

ஏப். 5, சனி

காற்றே இல்லை. பொன்னேரியில் ரயில் இறங்கி, பஸ் பிடித்து, வீடு வந்து சேர மதியம் ஒன்று. மங்களூர் படகில் ஐந்து மாதம். இன்ஜின் பழுது, எல்லாரையும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த இன்ஜினுக்கு ஒரு கும்பிடு.

கொண்டுவந்தவை: அழுக்குத் துணி ஒரு பை. அம்சாவுக்குச் சேலை. சந்தியாவுக்கு வாட்ச். லுங்கியில் சுற்றிய அரை எச்.பி. மோட்டார். ரயிலில் அதை மடியிலேயே வைத்திருந்தேன். எதிர் சீட்டு அம்மா, "குழந்தை தூங்குதா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். ஆமாம் என்றேன்.

வீட்டுக்குள் போகவில்லை. நேராகப் பின்பக்கம். போகும்போது நட்டது நாலு கத்திரி, ஒரு முருங்கைக் குச்சி. எல்லாம் செத்திருக்கும் என்று ரயிலிலேயே மனதைத் தேற்றிக்கொண்டு வந்தவன். பார்த்தால், பழைய வலையை வேலியாகக் கட்டி உள்ளே ஒரு காடு. முருங்கை என்னைவிட உயரம். கத்திரி 11. வெண்டை இரண்டு வரிசை. குண்டுமல்லி ஒரு புதர். மணலில் படர்ந்து ஒரு கிர்ணிக் கொடி. அதில் ஒரே ஒரு காய், மேலே வரி விழுந்து, அம்சா மீன் கூடைக்கு வைக்கும் சும்மாட்டின் மேல் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

"நைனா வந்துதான் பறிக்கணும்னு யாரையும் தொட வுடல உன் பொண்ணு," என்றாள் அம்சா. "என் சும்மாடும் போச்சு. ஒரு கத்திரிக்கா வேணும்னாலும் நான் மனு குடுக்கணும்."

காயைப் பிடித்தேன். சந்தியா கையைத் தட்டிவிட்டாள். "இப்ப கூடாது நைனா. பழுத்தா அதுவே காம்ப வுடும். இன்னும் ஒரு வாரம்."

பன்னிரண்டாவது பரீட்சை எழுதின கை. நகத்துக்குள் மண். எனக்குக் கண்ணில் வியர்வை. அப்படித்தான் சொன்னேன்.

ஏப். 6, ஞாயிறு

காலையில் சந். தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்தேன். பின்பக்கம் மணலில் மார்பளவு ஊற்று, இரண்டு சிமென்ட் உறை இறக்கியது. அதில் இறங்கிக் குனிந்து, கொட்டாங்குச்சியால் மேலாக மொண்டு மொண்டு குடத்தில் விடுகிறாள். காலையில் பத்துக் குடம். சாயந்தரம் கிடையாது. ஒரு மணி நேரம் ஆகிறது. ஐந்து மாதம் இப்படியா.

நெஞ்சு பொறுக்கவில்லை. நாளைக்கு இருக்கிறது பார் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். மனதுக்குள் சொன்னதுதான் தப்பு. வெளியே சொல்லியிருந்தால் யாராவது தடுத்திருப்பார்கள்.

மதியம் நண்டு. மூன்று தட்டு சோறு.

ஏப். 7, திங்கள்

சந். கல்லூரி விண்ணப்பம் பற்றி விசாரிக்கப் பொன்னேரி போனாள். நல்ல சமயம் என்று மோட்டாரை மாட்டினேன். சுவிட்ச் போட்டதும் ஹோஸ் பாம்பு மாதிரித் துள்ளியது. அரை மணி நேரம் விட்டேன். கத்திரிக்கு, வெண்டைக்கு, கிர்ணிக்கு நன்றாக. கோழிக்கும் ஒரு குளியல்.

பக்கத்து வீட்டு கெங்கம்மாக்கா வலைக்கு அந்தப் பக்கம் நின்று, "பங்களா தோட்டம் மாரி கீது தம்பி," என்றாள். நான் இன்னும் ஐந்து நிமிடம் விட்டேன்.

சாயந்தரம் சந். வந்தாள். ஈர மண்ணைப் பார்த்தாள். மோட்டாரைப் பார்த்தாள். ஊற்றில் விரல் விட்டு நாக்கில் வைத்தாள்.

"நைனா, நீ நாக்குல வச்சுப் பாத்தியா?"

அப்போதுதான் வைத்தேன். எங்கள் உப்பு ஏரித் தண்ணீர் மாதிரி ஒரே கரிப்பு.

இங்கே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே, பாலாடை மாதிரி மெல்லிசாக நிற்கும். மேலாக மொண்டால் நிற்கும். இழுத்தால் அடியில் இருக்கிற உப்பு ஏறி வந்துவிடும். இந்த ஊரில் நடை பழகும் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இருபத்தைந்து வருஷமாக ஏரித் தண்ணீரை நாக்கில் வைத்தே இறால் எங்கே என்று சொல்கிறவன் நான். சொந்த வீட்டில் அந்த நாக்கைப் பேச மட்டும் வைத்திருந்தேன்.

சந். திட்டவில்லை. திட்டியிருந்தால் ராத்திரி சோறு இறங்கியிருக்கும்.

ஏப். 8, செவ்வாய்

காலையிலேயே வெயில். வெண்டை இலை ஓரமெல்லாம் கருகல். கிர்ணி இலை சுருண்டுவிட்டது. கொடி போனால் காயும் வெம்பி விழும். ஐந்து மாதம் எனக்காகக் காத்த ஒரு காய். நான் வந்து மூன்றாம் நாள்.

சந். சொன்ன வைத்தியம்: நல்ல தண்ணீர் ஊற்றி வேரிலிருந்து உப்பைக் கீழே இறக்கணும். ஊற்றை ஒரு வாரம் தொடக்கூடாது. மிச்சம் இருப்பது தெருக்குழாய். காலையில் ஒரு மணி நேரம் வரும். "உப்பு வுட்டவங்கதான் போகணும்," என்றாள் அம்சா.

குடத்தோடு வரிசையில் நின்றேன். நான் ஒருத்தன்தான் ஆம்பளை.

"இன்னா தம்பி, தண்ணிக்கு மோட்டார் வரலியா?" கெங்கம்மாக்கா.

பின்னால் ஒருத்தி: "அதுக்கு ஒடம்பு சரியில்லியாம்க்கா. இவர அனுப்பிச்சிருக்கு."

தோளில் வைத்தேன், பாதி முதுகில் போயிற்று. இடுப்பில் வைத்தேன், நழுவியது. "இடுப்புன்னு ஒன்னு இருந்தாத்தான நிக்கும்," என்றாள் அக்கா. ஆறு குடம் எடுத்தேன். வீட்டுக்கு இரண்டு, கிர்ணிக்கு நாலு. என் லுங்கிக்கு எவ்வளவு என்று தெரியவில்லை.

ஏப். 10, வியாழன்

வெண்டை ஒரு வரிசை போய்விட்டது. கத்திரி 8. மல்லி அசையவில்லை, கெட்டிக்காரி. கொடியில் அடி இலைகள் பழுப்பு. காய் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. சந். பரீட்சைக்குக் கூட இப்படிக் கண் முழிக்கவில்லை என்கிறாள் அம்சா.

குழாயில் இன்று ஒரு சங்கதி. கெங்கம்மாக்கா வரிசையைப் பார்த்து, "ஆளுக்கு அரைக் கொடம் வுடுங்கடி, பொண்ணு மொகம் வாடிப் போய் கீது," என்றாள். விட்டார்கள். அதோடு நிற்காமல், பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகிற மாதிரி கூட்டமாக வந்து கிர்ணியைப் பார்த்தார்கள். "அப்பன் ஜாடை இல்ல, பொழச்சிக்கும்," என்று ஒருத்தி சொல்ல, சந். சிரித்துவிட்டாள். மூன்று நாளுக்குப் பிறகு. இன்னும் பத்துக் குடம் தூக்கலாம் போல இருந்தது. தூக்கவில்லை.

மோட்டார் வந்த லுங்கிச் சுருட்டில் கோழி முட்டை போட்டிருக்கிறது.

ஏப். 12, சனி

லேசான காற்று, ஏரிப் பக்கமிருந்து. கொடி நுனியில் ஒரு புது இலை. கட்டைவிரல் நகம் அளவு. சந். கூப்பிட்டுக் காட்டினாள். இரண்டு பேரும் மணலில் குந்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். "ஒரு எலைக்கு ரெண்டு காவக்காரங்க," என்று அம்சா தாண்டிப் போனாள்.

ஊற்றில் சந். விரல் விட்டாள், நானும் விட்டேன். "கொஞ்சம் கரிக்குது நைனா. நாளன்னிக்கு சரியாப்பூடும்." காய் மஞ்சள் ஏறுகிறது. மணம் இருக்கிற மாதிரி இருக்கிறது. என் மூக்கை நம்ப யாரும் தயாராக இல்லை.

ஏப். 14, திங்கள். சித்திரை 1

பல் தேய்க்கும்போதே கூப்பிட்டாள். "நைனா, வா. இழுக்காத. கைய மட்டும் அடில வை."

வைத்தேன். நான் ஒன்றும் செய்யவில்லை. பழம் காம்பை விட்டு என் கையில் உட்கார்ந்தது. கனம். வெயில் படாமலே சூடு. மங்களூரில் எத்தனை நாள் இந்தத் தோட்டத்தை நினைத்தேன், ஒரு நாளும் இந்தக் கனம் தெரியவில்லை.

அம்சா கீற்றுப் போட்டாள். குழாய் வரிசைக்கும் தட்டு போயிற்று. சர்க்கரையே வேண்டாம், அப்படி ஒரு இனிப்பு. கெங்கம்மாக்கா கொட்டையைத் துப்பிவிட்டு, "லேசா உப்பு பட்டா கிர்ணிக்கு இனிப்பு ஏறும் தம்பி," என்றாள்.

நான் எழுந்து நின்றேன். "அப்ப பாத்தா, நம்ம மோட்டாரு..."

சந்தியா கொட்டாங்குச்சியை நீட்டினாள். "பத்துக் கொடம், நைனா. மேலாக்க."

ஊற்றில் இறங்கினேன். ஆறாவது குடத்தில் இடுப்பு பிடித்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். நல்ல தண்ணீர்.