நம் மேட்டில் ஏறிய குளிர்காலச் சக்கரங்கள்

ஷிக்கூத்திமி,
டிசம்பர், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் நொயெமிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நல்ல சுகம், முழங்கால் மட்டும் வழக்கம்போல் என் பேச்சைக் கேட்பதில்லை. அங்கே தக்கார் நகரில் நீயும் உன் வகுப்புப் பிள்ளைகளும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே, போன படத்தில் உன் மூக்கு தோலுரிந்து கிடந்ததைப் பார்த்தேன். உன் ரொஸேர் மாமா உனக்குப் போன் போட்டு எதையாவது அளந்துவிடுவதற்கு முன்னால் நானே எழுதிவிடவேண்டும் என்று காலைப் பூசை முடிந்த கையோடு உட்கார்ந்துவிட்டேன். நேற்று நடந்ததை அவன் சொன்னால் தன் பங்கை விட்டுவிட்டுத்தான் சொல்லுவான்.

அக்டோபரில் நன்றித் திருநாள் சாப்பாட்டில் நடந்தது உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். கோடையில் நான் வாங்கிய நீலக் காரைப் பற்றி அவன்தான் ஆரம்பித்தான். "அது விளையாட்டுச் சாமான்க்கா, பின்சக்கரம் தள்ளுற கார், தரையோட தரையா கெடக்கு. பனி விழுந்தா கூடாரத்துக்குள்ள தள்ளி ஏப்ரல் வரைக்கும் தூங்க வைக்கவேண்டியதுதான்" என்றான். அதைப் பொறுத்துக்கொண்டேன். அடுத்ததாக, "காரும் இல்லாம மேட்டு மேல தனியா என்ன பண்ணுவ? அத்தான் இருந்தவரைக்கும் சரி. வீட்டை வித்துட்டு எங்க கீழ்த்தளத்துக்கு வந்துடு" என்றான் பார், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. உன் அப்பா போன பிறகு குளிர்காலம் முழுவதும் அவன்தான் என்னைக் கடைக்கும் கோயிலுக்கும் பனிச்சறுக்கு அரங்குக்கும் ஏற்றி இறக்கினான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் தம்பிக்கு எப்போது ஒழிகிறதோ அப்போதுதான் எனக்கு ரொட்டி வாங்கப்போக முடியும் என்ற பிழைப்பு அலுத்துவிட்டதடி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? முதல் பெரும்பனியில் என் காரிலேயே நம் மேட்டில் ஏறிவிட்டால் வீட்டைப் பற்றி நீ இனி மூச்சுவிடக்கூடாது, முடியாவிட்டால் வசந்தம் வந்ததும் விற்றுவிடுகிறேன் என்று மேசையைத் தட்டிச் சொல்லிவிட்டேன். அவன் பெண்டாட்டி யுகெத் அத்தையே சாட்சி. நீ பிறந்து வளர்ந்த வீட்டை ஒரு மேட்டின் மேல் பந்தயம் வைத்துவிட்டேனே என்று அன்றைக்குப் பாத்திரம் கழுவும்போதே என்னை நானே திட்டிக்கொண்டேன். உன்னிடம் போனில் சொன்னபோது நீயும், மாமா சொல்வதிலும் நியாயம் இருக்கிறதம்மா என்றாய். நான் பேச்சை மாற்றி வானிலை பற்றிக் கேட்டேன், நினைவிருக்கிறதா?

சரி, பந்தயம் வைத்தாயிற்று, இனி சக்கரம் வேண்டும். காரோடு வந்த கோடைச் சக்கரங்கள் பெரிய வட்டம், அகலமான டயர், ரப்பர் சுவரோ ஒரு விரல்கடை உயரம். அதைப் போட்டுக்கொண்டு பனியில் இறங்கினால் சோப்பு மேல் நிற்கிற மாதிரிதான். டயர் கடையில் தாடிக்காரர் ஒருவர் அதே அளவில் கறுப்புச் சக்கரங்களைக் காட்டி, "மேடம், இந்தக் காருக்கு இதுதான் களை. சின்னச் சக்கரம் போட்டா பாட்டியம்மா கார் மாதிரி ஆயிடும், வளைவுல பிடிப்பும் போயிடும்" என்றார். என்னைப் பார்த்துக்கொண்டே பாட்டியம்மா என்கிறார் அந்த மனிதர். பாதி ஊர்ப் பிள்ளைகளுக்குப் பனிச்சறுக்கு கற்றுக்கொடுத்தவள் நான், பனியைக் கடித்துப் பிடிப்பது அகலமா, கூர்மையா என்று எனக்குத் தெரியாதா? குறுகலான டயர் பனியை வெட்டிக்கொண்டு தரையைத் தொடும், அகலமானது பனிமேல் மிதக்கும். ரப்பர் சுவர் உயரமாக இருந்தால் நம் ஊர்க் குழிகளில் சக்கரமும் நெளியாது. அதனால் இரண்டளவு சின்னதாகவே போடுவது என்று முடிவுகட்டி, பக்கத்து ஊர் ஜோன்கியேரில் ஒருவரிடம் பழைய சக்கரங்கள் இருப்பது தெரிந்து, யாரையும் எதிர்பார்க்காமல் நானே காரில் போய் வாங்கி அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். ராணி மாதிரி வந்தேன் என்று வைத்துக்கொள்.

மறுநாள் ரொஸேர் ஜாக்கி வைத்துத் தூக்க, நானே முன்சக்கரத்தை மாட்டினேன். போல்ட்டை முறுக்கிவிட்டுச் சுற்றினால் அசையமாட்டேன் என்கிறது. வேகமான கார் இல்லையா, பிரேக்கும் பெரிது, அதன் இரும்புக் கவ்வி சக்கரத்தின் உள்பக்கத்தை இடித்துக்கொண்டு நிற்கிறது. உன் மாமா காரை நிறுத்தும் பனிக்கூடாரத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் கூடாரமே ஆடியது. "சுத்தாத சக்கரம் வழுக்கவே வழுக்காதுக்கா, நல்லா தேடிப் பிடிச்ச!" என்றான். அன்று நான் சாப்பிடவில்லை. ஆனால் படுத்துவிடவும் இல்லை. ஒரு பழைய அட்டைப்பெட்டியை எடுத்து, பிரேக் கவ்வி எவ்வளவு தூரம் துருத்திக்கொண்டிருக்கிறது என்று அதன் மேல் வைத்து வைத்துப் பார்த்து, அதே வடிவத்தில் கத்தரித்தேன். உனக்குச் சறுக்கு உடை தைக்கும்போது அளவெடுக்கவில்லையா, அதே வேலைதான்.

அட்டையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனால், முதல் பனி வரப்போகிறது என்று வானொலியில் சொல்லிவிட்டார்கள், வருடம் முழுக்கச் சும்மா இருந்த ஊர் மொத்தமும் ஒரே நாளில் டயர் மாற்ற வந்து வரிசையில் நிற்கிறது. எல்லார் முன்னாலும் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் அட்டையை விட்டுச் சுற்றிப் பார்த்தேன். ஒரே ஓர் அளவு மட்டும் சின்னதான ஒரு வெள்ளி நிறச் சக்கரத்தில் என் அட்டை எங்கும் உரசாமல், விரல் நுழையும் இடைவெளியோடு முழுவட்டம் வந்தது. வரிசையில் யாரோ கைதட்டினார்கள். தாடிக்காரர், "சரி மேடம், நீங்களே ஜெயிச்சுட்டீங்க" என்று குறுகலான குளிர்கால டயரை அதில் ஏற்றிக் கொடுத்தார், சும்மா இல்லை, ஆணி பதித்தது. காய்ந்த ரோட்டில் கரகரவென்று சத்தம் போடும், போடட்டுமே, நம் மேட்டில் பனிக்கு அடியில் இருப்பது கண்ணாடிதான்.

நேற்று காலை யுகெத் அத்தை வீட்டில் மாவுக்குள் இறைச்சி வைத்துச் சட்டியளவுக்குப் பெரிய பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தோம், சாயங்காலம் நம் வீட்டில் சாப்பாடு என்று ஏற்பாடு. முதலில் மழை பெய்து ரோட்டில் உறைந்தது, அதன்மேல் பனி கொட்டித் தீர்த்தது. நின்றதும் ரொஸேர் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். "நான் முன்னாடி போறேன், நீ வழுக்கினா ஹாரன் அடி, கயிறு வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, அத்தையையும் பணியாரச் சட்டியையும் தன் பெரிய வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். போன வருடமே வழவழவென்று தேய்ந்துபோன அகல டயர்கள். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிக்கு டயர் எதற்கு என்பது அவன் கட்சி. பாதி மேட்டில் வளைவு வருமே, அங்கே அவன் வண்டி தயங்கியது, உறுமியது, அப்புறம் மெதுவாகப் பக்கவாட்டில் நழுவி ஓரத்துப் பனிக்குவியலில் போய் முதுகைச் சாய்த்துக்கொண்டது. நானும் அவன் பின்னால் நின்றுவிட்டேன். நொயெமி, ஓட்டத்தோடு ஏறுவது வேறு, நடு மேட்டில் நின்ற காரை மறுபடி கிளப்புவது வேறு. இதை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. வீடு போச்சு என்றே நினைத்தேன்.

அப்போது யுகெத் அத்தை சட்டியோடு வண்டியிலிருந்து இறங்கி, வாத்து மாதிரி நடந்து வந்து, என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். ரொஸேர் கண்ணாடியை இறக்கி, "ஏய், எங்க போற?" என்று கத்தினான். "மேல போறவங்க கூடப் போறேன், பணியாரம் ஆறிடும்" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு அவளுக்கு என் சொத்தையே எழுதிவைக்கலாம். இரண்டாவது கியரைப் போட்டு, சின்னப் பிள்ளையைப் பனியில் முதல்முதலாக நிற்கவைக்கிற மாதிரி மெல்ல, மெல்ல ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். பின்சக்கரம் ஒருமுறை சுற்றியது, இரண்டாம் முறை ஆணிகள் பிடித்துக்கொண்டன, கார் நகர்ந்தது. அவன் வண்டிக்கும் பக்கத்து வீட்டு வேலிக்கும் நடுவே புகுந்து, அவன் முகத்துக்கு நேரே ஒரு கை அகலத்தில் போனேன். கையசைக்க ஆசைதான், கையை எடுக்கப் பயம். வாசலில் நிறுத்தி எஞ்சினை அணைத்ததும் நான் அழுதுவிட்டேன். அத்தையும் அழுதாள், ஆனால் சட்டியை விடவில்லை.

ரொஸேர் நடந்தே வந்து சேர்ந்தான், மீசையெல்லாம் பனி. மூச்சு விடாமல் சாப்பிட்டான், மூன்று துண்டு. நானும் குத்திக்காட்டவில்லை, நம்பு, ஒரே ஒருமுறைதான். சாப்பிட்டபின் இருவரையும் என் காரிலேயே கீழே கொண்டுபோய் விட்டேன், பின்னிருக்கையில் அத்தை மடங்கி உட்கார்ந்தாள், அவன் முன்னால். இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டுர்றேன்க்கா. பனி கொட்டினா நான் எந்திரிச்சதும் முதல்ல உன் மேட்டைத்தான் பாப்பேன். அத்தான் போனதுலேர்ந்து அப்படித்தான். இனிமே கொஞ்சம் தூங்கலாம்" என்றான். என் வீட்டைப் பிடுங்கப் பார்க்கிறான் என்று கோபப்பட்டிருந்தேன், அவன் பயந்துகொண்டிருந்திருக்கிறான். அவன் தொப்பியை இழுத்துக் காதை மூடிவிட்டேன்.

ஆகவே மகளே, வீடு விற்பனைக்கு இல்லை, உன் அறையும்தான். நீ பிப்ரவரியில் வரும்போது, யாருக்கும் தொந்தரவு வேண்டாம், கியூபெக்கிலிருந்து பஸ்ஸில் வந்துவிடுகிறேன் என்றாயே, அந்தப் பேச்சை விடு. விமான நிலைய வாசலில் நான் நிற்பேன், காட்டுப் பூங்காச் சாலையில் நானே உன்னை அழைத்து வருவேன். கடவுள் உனக்கு நல்ல உடம்பையும் நல்ல மனசையும் தந்து, போகிற வழியெல்லாம் உடன் வரட்டும்.

இப்படிக்கு,
உன்னை ஏற்றிவரக் காத்திருக்கும் அம்மா,
மார்ஜொலேன்

மறந்துவிடாதே: உன் பக்கத்தில் பிரேக் கிடையாது, காலால் தரையை அழுத்தி அழுத்திப் பயனில்லை. உன் மாமா நேற்று மேட்டில் இறங்கும்போது வழிநெடுக அதைத்தான் செய்துகொண்டு வந்தான், நான் பார்த்தும் பார்க்காத மாதிரி ஓட்டினேன்.