வீட்டுக்கு ஊற்றிய தண்ணீர்

என்னங்க, இன்று காலை படுக்கையறைக் கதவு மூட வரவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். மேல்மூலை நிலையில் இடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. போன வாரம் வரை சாதுவாக மூடிய கதவு. நீங்களாக இருந்தால் கதவைப் பார்த்திருக்கவே மாட்டீர்கள். நேரே வெளியே போய் மண்ணைப் பார்த்திருப்பீர்கள்.

இந்த வீட்டை வாங்கும்போது கிழக்கு பார்த்த வாசலா, ஈசானிய மூலையில் என்ன இருக்கிறது என்றெல்லாம் அலசி அலசிப் பார்த்தோம். காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்தோமா? டெக்சாஸ் களிமண் முதல் கோடையிலேயே தன் வேலையைக் காட்டிவிட்டது. மழையில்லாமல் சுருங்கி, சுவரை விட்டு விலகியது. அந்த இடுக்கில் என் கை முழுசாக நுழைந்தது. "ஈரம் போச்சுன்னா மண்ணு எறங்கும். கூடவே வீடும் எறங்கும்" என்று சொல்லி, உடம்பெல்லாம் ஓட்டை போட்ட ரப்பர் குழாயை அன்றைக்கே வாங்கி வந்து வீட்டைச் சுற்றிப் போட்டீர்கள்.

அப்புறம் ஒவ்வொரு கோடையிலும் இதே கதைதான். ஆபீஸ் விட்டு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் வீட்டுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்பீர்கள். "செடிக்கு ஊத்துனாலும் ரெண்டு பூ பூக்கும். இதென்ன, மாடி மொளைக்கப் போகுதா?" என்று ஜன்னல் வழியாகக் கிண்டலடிப்பேன். ஒருநாள் சிரித்துக்கொண்டே உள்ளே வந்து, ஹால் சுவரில் இருந்த விரிசலின் நுனியில் பென்சிலால் ஒரு கோடு போட்டீர்கள். "இதைத் தாண்டாம பாத்துக்கணும், அவ்வளவுதான்." நீங்கள் இருந்தவரை அது தாண்டவே இல்லை.

போன வருடம் ஆஸ்பத்திரியில், இதயம் பாதி வேலையை நிறுத்திவிட்ட பிறகு, மூக்கில் குழாயோடு கேட்டீர்கள். "வீட்டுக்குத் தண்ணி உட்டியா?"

எனக்கு வந்ததே கோபம்! "என்னைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கத் தோணுச்சா உங்களுக்கு? அந்தச் செவுருதான் பெருசு!" என்று வெடித்தேன்.

நீங்கள் கண்ணைத் திறக்காமலே சொன்னீர்கள். "நீதான கண்ணு அதுக்குள்ள இருக்கே."

இந்தக் கோடையில் வானம் வாயே திறக்கவில்லை. ஏரி வற்றிவிட்டதாம், வாரத்தில் ஒரு நாள்தான் வெளியே குழாய் திறக்கலாம் என்று சிட்டியில் உத்தரவு. பக்கத்து வீட்டின் செங்கல் சுவரில் விரிசல் படிப்படியாகக் கூரை வரை ஏறி, அவர்கள் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். வெயில் ஏறும்போது நம் சுவருக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். முதலில் நீங்கள்தான் விரலைச் சொடுக்குகிறீர்கள் என்று திரும்பிப் பார்த்தேன். அரிசி கழுவிய தண்ணீர், பருப்பு கழுவிய தண்ணீர் எல்லாவற்றையும் வாளியில் பிடித்து வெளியே சுவரோரம் ஊற்றுகிறேன். மண் ஒரே மடக்கில் குடித்துவிட்டு மறுபடி வாயைப் பிளக்கிறது. பயமாக இருக்கிறதுங்க.

"அம்மா, ஜஸ்ட் செல் இட். கம் லிவ் வித் அஸ்" என்கிறாள் போனில் நம் மகள். "அப்பா ஊத்துன தண்ணியெல்லாம் இங்கதானடி இருக்கு" என்றேன்.

மூடாத கதவை அப்படியே விட்டுவிட்டு ஹாலுக்குப் போனேன். விரிசல் உங்கள் கோட்டைத் தாண்டிப் போயிருந்தது. அதன் புது நுனியில் நானும் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். கோணலாக விழுந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குத் திரும்பும்போது சுவருக்குள் மறுபடி அந்த 'டக்'.

நான் இன்னும் உள்ளேதான் இருக்கிறேனுங்க.